கடைசியில் தர வேண்டிய தேத்தண்ணி

"இன்னைக்கு நீங்க வாயவே தொறக்கக் கூடாது. இப்பவே சொல்லிட்டேன்."

பழைய பனியன் ஒன்றால் வேன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். எத்தனை துடைத்தாலும் உள்பக்கம் பனி ஏறிக்கொண்டேயிருந்தது. பின்னால் வந்து நின்று இந்த உத்தரவைப் போட்டவள் என் மனைவி புஷ்பம்.

நல்ல சேலை கட்டி, மேலே ஃபாக்டரியில் கொடுத்த பச்சை ஸ்வெட்டர் போட்டிருந்தாள். தலையில் கனகாம்பரம். ஆனால் இடுப்பில் மட்டும் அந்தப் பழைய காடாத்துணியைச் செருகியிருந்தாள். தேயிலை சலிக்கிற அறையில் வேலை செய்யும்போது மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொள்கிற துணி அது.

"அத எதுக்கு அம்மிணி இன்னைக்கு எடுத்துட்டுப் போற?" என்று கேட்டேன்.

"திரும்ப அங்கயே போகச் சொல்லிட்டாங்கன்னா?"

வாயைத் திறக்க மாட்டேன் என்று சத்தியம் செய்து கொடுத்துவிட்டு ஊட்டிக்கு வண்டியை எடுத்தேன்.

அன்றைக்கு நான் அங்கிருந்து ஏற்றி வரப்போகும் பயணிகளுக்குத்தான் புஷ்பம் முதன்முதலாக ஃபாக்டரியைச் சுற்றிக் காட்ட வேண்டும். இங்கிலீஷில். மேனேஜர் கூட நின்று கேட்பார். அவருக்குத் திருப்தியானால் சுற்றிக்காட்டுகிற வேலை அவளுக்கு. இல்லாவிட்டால் பழையபடி சலிக்கிற அறை.

தூசு

தேயிலைத் தூசைப் பற்றிக் குறை சொன்னால் கீழே இருக்கிறவர்களுக்குப் புரியாது. கீழே என்றால் எங்களுக்கு மேட்டுப்பாளையத்திலிருந்து கன்னியாகுமரி வரைக்கும்தான். "அடடா, நாள் முழுக்க டீ வாசத்துல இருக்கீங்களே" என்பார்கள். வாசம்தான். அந்த வாசம் புஷ்பத்தின் நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றது. மாடிப்படி ஏறினால் இழுப்பு. சிரித்தால் இருமல். என்னோடு குடும்பம் நடத்துகிறவள் சிரிக்காமல் இருப்பதும் கஷ்டம்.

குன்னூர் டாக்டர் அம்மா நேராகச் சொல்லிவிட்டார். "மாத்திரை நான் தரேன். தூசை நீங்கதான் விடணும்."

விட்டுவிட்டு எங்கே போவது? கொழுந்து பறிக்கப் போகலாம் என்றால் முழங்கால் ஒத்துழைக்காது. அந்தச் சமயத்தில்தான் ஃபாக்டரிக்காரர்கள் மற்ற இடங்களைப் பார்த்துத் தாங்களும் டூரிஸ்ட்டுகளை உள்ளே விட ஆரம்பித்தார்கள். சுற்றிக்காட்ட ஆள் வேண்டும், உள்ளே வேலை செய்கிறவர்கள் யாராவது இங்கிலீஷ் பேசினால் முதலில் அவர்களுக்கே என்று சொன்னார்கள்.

"இங்கிலீசு பேச எனக்கு ஏலாதுங்க" என்றாள் புஷ்பம். சின்ன வயதில் சிலோனிலிருந்து தாய் தகப்பனோடு வந்தவள். இத்தனை வருஷம் இங்கே இருந்தும் அந்த 'ஏலாது' மட்டும் அவளைவிட்டுப் போகவில்லை.

"ஏலும். நான் எதுக்கு இருக்கறேன்?" என்றேன்.

என் இங்கிலீஷ்

இந்தத் தொடரைப் படிக்கிறவர்கள் இந்த இடத்தில் சிரிப்பீர்கள் என்று தெரியும். போன வாரம் பர்லியார் வளைவில் நின்றுபோன வண்டிக்குள் ஒரு வெள்ளைக்காரரோடு நான் பேசிய இங்கிலீஷைப் படித்துவிட்டு, காரமடையிலிருந்து என் மாமன் மகனே போன் போட்டுச் சிரித்தான்.

ஆனால் ஒன்று. "சார், லேக் கோயிங். ஒன் அவர் வெயிட்டிங். நெக்ஸ்ட் கார்டன்." இவ்வளவுதான் என் முழு மூலதனம். இதை வைத்துக்கொண்டு எத்தனையோ வருஷம் வேன் ஓட்டிவிட்டேன். என்னை நம்பி ஏறியவர்கள் ஒருவரும் ஊட்டிக்குப் பதிலாக மைசூரில் போய் இறங்கவில்லை.

ஒரு வாரம் புஷ்பத்துக்கு நானே பாடம் எடுத்தேன். அவளும் "டீ லீஃப் கோயிங். மிஷின் கோயிங். டிரையர் கோயிங்" என்று பிடித்துக்கொண்டாள். மேனேஜர் காதில் அது விழுந்து, "புஷ்பம், எல்லாம் எங்கம்மா போகுது?" என்று கேட்டுவிட்டார்.

அன்று சாயங்காலமே என்னை வேலையைவிட்டு நீக்கிவிட்டு வேறு டீச்சர் தேடினாள்.

வர்க்கி வாசம்

குன்னூர் பஜாரில் ஒரு கடை, வர்க்கி என்கிற மொறுமொறு நெய் பிஸ்கட் சுடுகிற கடை. கடைக்காரப் பாயின் மகள் நஸ்ரீன் எம்.ஏ. படித்துவிட்டு மாடியில் இங்கிலீஷ் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தார். எங்களைவிடப் பதினைந்து வயதாவது சின்னவர். ஆனாலும் டீச்சர் டீச்சர்தான். அவர் எங்களை அக்கா, அண்ணே என்பார். நாங்கள் எழுந்து நின்று வணக்கம் சொல்வோம்.

புஷ்பம் தனியாகப் போகப் பயந்ததால் நானும் சேர்ந்துகொண்டேன். உண்மையான காரணம் கீழே அடுப்பிலிருந்து வர்க்கி வெந்து ஏறி வருகிற அந்த வாசனை. இன்றைக்கும் 'ப்ரெபொசிஷன்' என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு நாக்கில் நெய் ஊறும்.

என் இங்கிலீஷில் என்ன குறை என்று நஸ்ரீன் டீச்சர்தான் கண்டுபிடித்துச் சொன்னார். "அண்ணே, உங்ககிட்ட சாமான் எல்லாம் இருக்கு. சாமானைக் கட்டற கயிறுதான் இல்ல." இன், ஆன், அட், டு, ஃப்ரம். இந்தப் பொடி வார்த்தைகள்தான் அந்தக் கயிறு.

தமிழில் நமக்கு இந்தத் தொல்லை தெரிவதில்லை. 'இல்' என்று ஒன்றை வைத்துக்கொண்டு சகலத்தையும் முடித்துவிடுகிறோம். பெட்டியில், பஸ்ஸில், வாசலில், திங்கட்கிழமையில். அதுவும் பெயருக்குப் பின்னால் சாதுவாக ஒட்டிக்கொண்டு வரும். இங்கிலீஷிலோ அது முந்திக்கொண்டு பெயருக்கு முன்னால் வந்து நிற்கிறது. பெட்டிக்கு இன், பஸ்ஸுக்கு ஆன், வாசலுக்கு அட், திங்கட்கிழமைக்கு மறுபடி ஆன். பஸ்ஸுக்கு ஆன் என்றால் என் வேனுக்கும் ஆன்தானே என்று கேட்டேன். இல்லை, வேனுக்கு இன் என்றார். உள்ளே எழுந்து நின்று நடக்க முடிகிற வண்டி என்றால் ஆன், குனிந்து உட்காருகிற வண்டி என்றால் இன் என்று தோராயமாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார். என் வேனுக்கு இது ஒரு சின்ன அவமானம்தான்.

ஒருநாள் எங்களைப் பற்றியே ஒரு வாக்கியம் சொல்லச் சொன்னார். "ஐ ஆம் மேரீட் வித் புஷ்பம்" என்றேன்.

"வித் இல்லண்ணே. மேரீட் டு."

"என்னங்க டீச்சர் இது? கூடத்தானுங்க வாழறோம்?"

"வாழறது வித். கல்யாணம் டு."

அடுத்து புஷ்பம் எழுந்தாள். வழியில் நடந்த ஏதோ சண்டையின் சூடு ஆறவில்லை. "ஐ ஆம் ஆங்ரி ஆன் மை ஹஸ்பண்ட்" என்றாள்.

"ஆன் இல்லக்கா. ஆங்ரி வித்."

அதாவது இங்கிலீஷ்காரன் கணக்குப்படி, கல்யாணத்துக்கு 'கூட' வேண்டாம், கோபத்துக்குக் 'கூட' வேண்டும். அன்று பஸ்ஸில் வீடு திரும்பும்வரை இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். சிரிப்பு அவளுக்கு இருமலில் முடிந்தது. பக்கத்து சீட்டுக்காரர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். வெலிங்டன் தாண்டும்வரை அவள் முதுகைத் தடவிக்கொண்டே வந்தேன்.

மாலை கோத்த மாதிரி

நாள் நெருங்க நெருங்க நஸ்ரீன் டீச்சர் ஒரு வழி செய்தார். தேயிலை போகிற பாதையையே பாடமாக்கிவிட்டார். கொழுந்து தோட்டத்திலிருந்து வருகிறது, ஃப்ரம் த ஃபீல்ட். மாடிக்கு ஏறுகிறது, அப் டு த லாஃப்ட். உருட்டுகிற மிஷினுக்குள் நுழைந்து வெளியே வருகிறது, த்ரூ த ரோலர். தரையில் பரப்பிச் செம்புநிறமாகும்வரை வைக்கிறார்கள், ஆன் த ஃப்ளோர். டிரையருக்குள் போகிறது, இன்டு த டிரையர். சல்லடையில் சலித்து, கடைசியில் இன் யுவர் கப்.

புஷ்பம் இதைச் சோறு வடிக்கும்போது சொல்வாள், துணி துவைக்கும்போது சொல்வாள். கட்டிலுக்கடியில் படுத்திருக்கும் பூனைக்குக்கூட மனப்பாடமாகியிருக்கும். ஒரே ஒரு சிக்கல். நடுவில் நிறுத்தினால் மறுபடி தோட்டத்திலிருந்துதான் அவளால் ஆரம்பிக்க முடியும். டிரையரில் நிற்கும்போது "உப்பு எங்க வெச்சிருக்கற?" என்று கேட்டுவிட்டேன் என்று ஒருநாள் கரண்டி பறந்து வந்தது.

இன்னொன்றும் இருந்தது. அதைச் சிக்கல் என்று சொல்வதா, காயம் என்று சொல்வதா தெரியவில்லை.

வகுப்பில் முதல்நாள் எல்லாரிடமும் கேட்கிற கேள்வி, "வேர் ஆர் யூ ஃப்ரம்?" நான் நெஞ்சை நிமிர்த்தி, "ஐ ஆம் ஃப்ரம் காரமடை" என்பேன். புஷ்பத்திடம் கேட்டால் தலையைக் குனிந்துகொள்வாள். இங்கிலீஷ் தெரியாமல் இல்லை.

சிலோனில் இருந்தபோது அவர்களை இந்தியாக்காரர்கள் என்றார்களாம். கப்பலேறி இங்கே வந்ததும் சிலோன்காரர்கள் என்றார்கள். பள்ளிக்கூடத்தில் சிலோன்காரி. எங்கள் கல்யாணத்தின்போது என் சொந்தக்காரர்கள், "பொண்ணு எந்தூருங்க?" என்று கேட்டபோதும் இப்படித்தான் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். வெட்கம் என்று பெரியவர்கள் மெச்சினார்கள்.

நஸ்ரீன் டீச்சர் புரிந்துகொண்டார். "அக்கா, அது வேண்டாம். அடுத்ததுக்குப் போலாம்" என்று கடந்துவிட்டார்.

மொதல்ல குடிங்க

இனி அன்றைய தினத்துக்கு வருகிறேன்.

ஊட்டியில் ஏற்றும்போது தூறல். கேத்தி தாண்டும்போது மழை. ஃபாக்டரி கேட்டில் இறக்கும்போது கொட்டித் தீர்த்தது. கல்கத்தாப் பக்கத்துக் குடும்பம் ஒன்று, கூட இரண்டு வெளிநாட்டுப் பெண்கள். வேனிலிருந்து கேட்டுக்குப் போவதற்குள் அத்தனை பேரும் தொப்பல். அந்தக் குடும்பத்து மூத்த அம்மாள் நனைந்த சால்வையைப் போர்த்திக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தார்.

ஏற்பாடு இதுதான். கேட்டில் வரவேற்பு. வெளிப்படி வழியாக நேரே மாடிக்கு ஏற வேண்டும். மேனேஜர் மாடியில் காத்திருப்பார். அங்கிருந்து ஒவ்வொரு அறையாக இறங்கி வந்து, கடைசியில் கேட் பக்கத்துக் கடையில் ஆளுக்கொரு டம்ளர் டீ. டீயின் ருசி நாக்கில் இருக்கும்போதே பாக்கெட் வாங்கிவிடுவார்கள். மேனேஜர் யோசித்துப் போட்ட வரிசை அது.

புஷ்பம் குடையோடு நின்றாள். "வெல்கம் டு அவர் ஃபாக்டரி" என்று ஆரம்பிக்க வேண்டியவள், சால்வை அம்மாளைப் பார்த்தாள்.

"ஐயையோ, நனஞ்சிட்டீங்களே! வாங்க வாங்க, உள்ள வாங்க." அத்தனையும் தமிழில். அந்த அம்மாளின் கையைப் பிடித்து நேரே கடைக்குள் கூட்டிக்கொண்டு போய் அடுப்புப் பக்கத்தில் உட்காரவைத்தாள். கெட்டிலைத் தூக்கினாள்.

அவள் பிறந்து வளர்ந்த, தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளில் அது எழுதாத சட்டம். மழையில் நனைந்து யார் படியேறினாலும் முதலில் கையில் தேத்தண்ணி. யார், என்ன, எங்கிருந்து என்ற கேள்வியெல்லாம் டம்ளர் காலியான பிறகு. குடிக்காதவரிடம் பேச்சுக் கொடுப்பது அவர்கள் கணக்கில் மரியாதையே இல்லை. பெண் பார்க்கப் போன அன்று நானும் மழையில் நனைந்துதான் போனேன். என் பெயரைக் கேட்பதற்கு முன்னால் இரண்டு டம்ளர் குடித்திருந்தேன்.

எல்லார் கையிலும் டம்ளர் போனபிறகுதான் புஷ்பத்துக்கு உறைத்தது. கடைசியில் தர வேண்டியதை முதலிலேயே கொடுத்தாகிவிட்டது. கோத்து வைத்த மாலை அறுந்துவிட்டது. கெட்டிலும் கையுமாக அப்படியே நின்றாள்.

மாடியில் காத்துப் பார்த்த மேனேஜர் படியிறங்கி வந்தார். டம்ளர்களைப் பார்த்தார்.

"என்ன புஷ்பம் இது? டீயை மொதல்லயே குடுத்துட்டா கடையில யாரு வாங்குவா?"

"நனஞ்சிட்டாங்க தொரை." அவரை இன்னும் அவள் தொரை என்றுதான் சொல்வாள். சார் என்று சொல்லச் சொல்லி அவரும் அலுத்துவிட்டார்.

"சரி, ஆரம்பிம்மா."

அவள் உதடு அசைந்தது. ஃப்ரம் த ஃபீல்ட் என்று சொல்லத்தான் பார்த்தாள். ஆனால் தோட்டம் எங்கே இருக்கிறது? மாடிக்கும் அப்பால். இவர்கள் கையிலோ டம்ளர். சத்தம் வரவில்லை. என் வாய் அரித்த அரிப்பை எழுத முடியாது. சத்தியம் செய்து தொலைத்திருந்தேன்.

அப்போது சால்வை அம்மாள் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டார். "இட்ஸ் லவ்லி. வேர் டஸ் திஸ் கம் ஃப்ரம்?"

இது எங்கேயிருந்து வருகிறது? வீட்டுக்கு வந்தவர் குடித்துவிட்டுக் கேட்கிற கேள்வி. இதற்குப் பதில் சொல்லாமல் இருப்பாளா?

புஷ்பம் கெட்டிலைக் கீழே வைத்தாள். பின்பக்கக் கதவைத் தள்ளித் திறந்தாள். "ஃப்ரம் திஸ் ரூம்."

பின்னாலிருந்து முன்னால்

அது சலிக்கிற அறை. சல்லடைச் சத்தமும் தூசும் முகத்தில் அடித்தன. இரண்டு வார்த்தை சொல்வதற்குள் அவளுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. குனிந்து குனிந்து இருமினாள். மேனேஜர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் இடுப்புத் துணியை உருவி மூக்கில் அழுத்திக்கொண்டு, மறுகையால் அடுத்த கதவைக் காட்டினாள். "அண்ட் திஸ், ஃப்ரம் தேர்."

டிரையர் அறையின் சூட்டில் நனைந்தவர்களுக்கு உயிர் வந்தது. ஒரு பெண் தலைமுடியை விரித்து உலர்த்தவே ஆரம்பித்துவிட்டாள். புஷ்பத்துக்கும் மூச்சு திரும்பியது. "டீ இஸ் ஆன் த டிரையர்" என்றாள். இன், இன் என்று எனக்குள் ஒருவன் கத்தினான். வெளியே விடவில்லை.

அங்கிருந்து செம்புநிறத்தில் பரப்பியிருந்த தரைக்குப் போனோம். அங்கிருந்து உருட்டுகிற மிஷின். "த்ரூ த ரோலர்" என்று பிசகாமல் சொன்னாள். ஒவ்வொரு கதவிலும் அவர்கள் கேட்பார்கள், அதற்கு முன்னால் எங்கே? அவள் அடுத்த கதவைத் திறப்பாள், ஃப்ரம் ஹியர், ஃப்ரம் தேர். இத்தனை நாள் தன்னைத் தலைகுனிய வைத்த அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டே படியேறிவிட்டாள்.

மாடிக்குப் போனதும் பச்சைக் கொழுந்து வாசம். நீளத் தொட்டிகளில் கொழுந்து வாடிக்கொண்டிருந்தது. புஷ்பம் ஒரு கை அள்ளிச் சால்வை அம்மாளிடம் கொடுத்துவிட்டு, ஜன்னலைத் திறந்தாள்.

மழை விட்டிருந்தது. மஞ்சு மூட்டம் மெல்ல மேலே ஏற, சரிவெல்லாம் தேயிலை, அதற்குக் கீழே தொழிலாளர் வீடுகளின் தகரக் கூரைகள். "அண்ட் லீஃப்... ஃப்ரம் தேர்" என்று கையை நீட்டினாள்.

அந்த அம்மாள் வெளியே பார்த்தார். பிறகு திரும்பி, அன்போடுதான் கேட்டார். "அண்ட் யூ? வேர் ஆர் யூ ஃப்ரம்?"

மேனேஜரும் காத்திருந்தார். புஷ்பம் தலையைக் குனியப்போகிறாள் என்று நினைத்தேன். குனியவில்லை. நீட்டிய கையை மடக்கவும் இல்லை. அதையே கொஞ்சம் கீழே இறக்கினாள்.

"தட் ப்ளூ டோர்" என்றாள். "ஐ ஆம் ஃப்ரம் தட் ப்ளூ டோர்."

எங்கள் வீட்டுக் கதவு. போன பொங்கலுக்கு நாங்கள் இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டே நீலம் அடித்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க எனக்கு விருப்பமும் இல்லை.

அந்த அம்மாள் என் பக்கம் திரும்பினார். "அண்ட் யூ, டிரைவர்?"

எத்தனையோ வருஷமாகச் சொல்லி வந்த பதில் நாக்கு நுனியில் இருந்தது. காரமடை என்று சொல்ல வாயெடுத்தேன். சத்தியத்தையும் மறந்துபோனேன்.

"சேம் டோர், மேடம்."

"ஃப்ரம்!" புஷ்பம் என்னைப் பார்த்துக் கத்தினாள். "ஃப்ரம் போடணுங்க! ஃப்ரம் த சேம் டோர்!"

மாடியே சிரித்தது. மேனேஜரும் சிரித்தார். புஷ்பம் சிரித்துக்கொண்டே நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். இருமல் வரவில்லை.

இறங்கி வந்தவர்கள் ஊருக்குப் போக வேறு வழியில்லை, கடையைத் தாண்டித்தான் போக வேண்டும். இன்னொரு டம்ளர் குடித்தார்கள். பாக்கெட்டுகளும் வாங்கினார்கள். மேனேஜர் அதைக் கதவோரமாக நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்.

"நாளைக்கு ரெண்டு வேன் வருதும்மா. கெட்டிலை நேரத்தோட அடுப்புல வெச்சிடு."

புஷ்பத்துக்குப் புரியக் கொஞ்சம் நேரம் ஆயிற்று. புரிந்ததும் நன்றி சொல்லத் தோன்றவில்லை. "தொரை, நீங்க இன்னும் குடிக்கலயே" என்று உள்ளே ஓடினாள்.

வேனில் எல்லாரும் ஏறினார்கள். மறுபடி கண்ணாடியில் பனி. பனியனைத் தேடிக்கொண்டிருந்தபோது புஷ்பம் என் பக்கத்து ஜன்னலுக்கு வந்தாள். இடுப்பிலிருந்து அந்தக் காடாத்துணியை உருவி என் மடியில் போட்டாள்.

"அந்தப் பனியனத் தூக்கிப் போடுங்க. இனிமே இதுல தொடைங்க."

துடைத்தேன். துணியில் தேயிலை மணத்தது. கண்ணாடி தெளிந்ததும், கேட்டில் நின்று கையாட்டிக்கொண்டிருந்தவள் நன்றாகத் தெரிந்தாள்.